நாற்பது வீட்டுத் தண்ணீர்

"கள உதவியாளர், தற்காலிகம். தனித்திறன் தேவையில்லை. கேள்விகளை வாசித்து, சொல்லப்படும் விடைகளைக் குறித்தால் போதும்." கணக்கெடுப்பு நிறுவனத்தின் பணி ஆணையில் பானுமதியைப் பற்றி இருந்தது இவ்வளவுதான். சொன்னதை அப்படியே குறித்துக்கொள்வது அவருக்குப் பிறவியிலேயே வராது. கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவினாலும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸைவிட்டு இறங்குவார்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஓர் ஊராட்சி. நூற்றுக்குத் தொண்ணூறு வீடு குழாய்த் தண்ணீர் குடிப்பதாக முந்தைய அறிக்கை சொன்னது. இந்தக் கணக்கும் அதையே சொன்னால் தண்ணீர் லாரி நின்றுவிடும். பானுமதி வீட்டுக்கும் அந்த லாரிதான். அதனாலேயே அவர் தன்னையும் நம்பவில்லை. ரேஷன் அட்டை எண்களைச் சீட்டெழுதி மடித்து, எந்த வீடுகளில் கேட்பது என்று மேற்பார்வையாளர் அருள்குமாரையே நாற்பது எடுக்கச் சொன்னார்.

முதல் வீட்டில் குள்ளம்மாள், கேள்வி முடியுமுன்னே, "வருதுங்க, நல்லாவே வருதுங்க" என்றார். தேடி வந்த ஆபீஸ் ஆளிடம் குறை சொன்னால் என்ன மரியாதை?

பானுமதி படிவத்தை மூடினார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

குள்ளம்மாள் வாசல் குழாயைத் தாண்டிப் போய், லாரித் தண்ணீர் பிடித்துவைத்த நீல டிரம்மிலிருந்து மொண்டு வந்தார்.

"ஏங்க, குழாய்ல புடிக்கலையா?"

"அது பாத்தரம் கழுவங்க. குடிக்க முடியுமா அத?"

அதன்பின் எந்த வீட்டிலும் கேள்வி இல்லை, தண்ணீர்தான். நான்கு நாளில் நாற்பது சொம்பு. குழாயிலிருந்து வந்தவை இருபத்தைந்து.

அருள்குமார் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தொண்ணூறுன்னா முப்பத்தாறு வரணுமேக்கா. உங்க வூட்டுக்கும் லாரிதான?"

"ஆமாங்க சார். அதான் சீட்ட நீங்க எடுத்தீங்க."

"அப்ப சீட்டுல அப்படி அமைஞ்சிருக்கும். அதிர்ஷ்டம்."

"இருக்கலாங்க" என்றார் பானுமதி. அதையும் நம்பவில்லை. ஆயிரம் புளியங்கொட்டை எண்ணி, நூறுக்கு நெயில்பாலிஷ் பொட்டு வைத்து, மறுநாள் பையோடு வந்தார்.

"கண்ண மூடி நாப்பது எடுங்க. பொட்டு இல்லாததெல்லாம் குழாய்த் தண்ணி குடிக்கிற வூடு."

அருள்குமார் எடுத்தார், எண்ணினார், திரும்பப் போட்டுக் குலுக்கினார். ஐம்பது தடவை. பொட்டில்லாதவை முப்பத்தொன்றுக்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை. இருபத்தைந்து எங்கேயோ கீழே கிடந்தது.

"கொட்டையில ஏதாச்சும் வேல பண்ணியிருக்கீங்களாக்கா?"

"எண்ணிக்குங்க சார்."

எண்ணினார். பொட்டு வைத்தது நூறு, மற்றது தொள்ளாயிரம். சந்தேகப்படுவதில் அவரும் சளைத்தவரில்லை என்பதில் பானுமதிக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

"மேல கேட்டா என்னான்னு சொல்றது?"

"குடிச்சுப் பாத்துட்டு எழுதுனோம்னு சொல்லுங்க."

பானுமதி, நாற்பதில் இருபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.