டயப்பர் பையில் காந்தாரி மிளகு

இரண்டு வயதுப் பிள்ளைகளைக் கப்பலில் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்ன மனிதரை நான் அன்றைக்கே அடித்திருக்க வேண்டும். பொறுத்திருந்து கப்பலில் ஏறிய பிறகுதான் அடித்தேன். எவர்சில்வர் பிளாஸ்க்கால், நெற்றியில். இப்போது நினைத்தாலும் மணிக்கட்டு வலிக்கிறது. மனசு வலிக்கவில்லை.

அந்த மனிதர் என் கணவரின் அண்ணன். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் முப்பது நாற்பது பேரை மேய்க்கிற வேலை. ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான ஆள் என்பார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விடுப்பில் வந்தால் சுசீந்திரத்தில் எங்கள் வீடு கல்யாண வீடாகிவிடும். என் இரட்டைப் பிள்ளைகளை, மகனை ஒரு தோளிலும் மகளை ஒரு தோளிலும் தூக்கிவைத்துக்கொண்டு வயல் வரப்பில் நடப்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் நான் கைவேலையை விட்டுவிட்டு அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவருக்கும் என் கணவருக்கும் நடுவில் வயது நிறைய இடைவெளி. அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அப்பா கீரிப்பாறை எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர், விடிவதற்கு முன்னே மரத்துக்குப் போய்விடுவார். தம்பியைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, எஸ்டேட் பஸ்ஸில் ஏற்றிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அத்தான்தான். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லும்போது என் கணவரின் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் பேச்சுக்கு அவர் மறுபேச்சுப் பேசி நான் பார்த்ததே இல்லை.

என் மகன் கடிப்பான். அதை ஒளிக்கிறதற்கு ஒன்றும் இல்லை. பேச்சு வரத் தாமதமான பிள்ளை, வேண்டும் வேண்டாம் எல்லாவற்றையும் பல்லால்தான் சொல்வான். என் தோளில், அவன் தங்கச்சி கையில், பக்கத்து வீட்டுப் பூனையின் வாலில்கூடக் கடித்திருக்கிறான். வட்டக்கோட்டைக்குப் போனபோது கோட்டைச் சுவரில் ஏறவிடாமல் பிடித்த அத்தானின் பெருவிரலைக் கடித்துவிட்டான். டாக்டர், பேச்சு வந்தால் பல் அடங்கும், அதுவரை பொறுங்கள் என்றார். அத்தான் விரலை உதறிக்கொண்டே சிரித்தார்.

"இதுக்கு டாக்டர் வேண்டாம் மக்கா. நம்மகிட்ட மருந்து உண்டு."

நானும் கூடச் சிரித்தேன். என்ன மருந்து என்று கேட்கவில்லை.

கொச்சியில் கப்பல் ஏறினோம். என் கணவர், நான், பிள்ளைகள், அத்தான், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி. எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் சாப்பாட்டு மூட்டை இல்லாமல் போகமாட்டார்கள், அது தெரிந்த கதைதான். கப்பலில் வெளிச் சாப்பாடு கூடாது என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்தது. சோதனையில் அக்காவின் பெட்டியிலிருந்து மாங்காய் ஊறுகாயையும் நேந்திரங்காய் வற்றலையும் எடுத்து வெளியே வைத்தார்கள். அத்தான் மட்டும் நமட்டுச் சிரிப்போடு நின்றார். அறைக்குள் போனதும் என் தோளில் கிடந்த டயப்பர் பைக்குள் கைவிட்டு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். வினிகரிலும் உப்பிலும் ஊறப்போட்ட காந்தாரி மிளகு, அதாவது ஊசி மிளகாய், விரல்நுனி அளவு நீளம், அவ்வளவும் தீ. பிள்ளைகளின் பையை ஒருத்தனும் திறக்கமாட்டான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"கப்பல் சோறு வாயில வைக்கக் கொள்ளாது பாத்துக்க. இது இருந்தா உள்ள இறங்கும்."

எல்லாரும் சிரித்தோம். குப்பி மறுபடியும் டயப்பர்களுக்கு நடுவிலேயே போனது.

இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கப்பலில் ஒன்றும் கிடையாது. இதை யாரும் முன்னே சொல்வதில்லை. டயப்பர் கட்டிய பிள்ளை நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது. விளையாட்டு அறைக்கு மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். ஏறினவுடனே ஆபத்துக்காலப் பயிற்சி என்று சங்கு ஊதினார்கள், என் இரண்டும் அந்தச் சத்தத்தில் அலறத் தொடங்கி, ஆரஞ்சு நிற மிதவை உடுப்பைக் கண்டாலே அலறும்படி ஆகிவிட்டன. மகன் நடைபாதையில் ஓடுவான், நான் துரத்துவேன், மகள் என் துணியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து வருவாள். சாப்பாட்டுக் கூடத்தில் மகன் ஒரு தட்டைத் தரையில் அடித்தான். அடுத்த மேசையில் இருந்த ஒரு குழந்தையின் காதைக் கடிக்கப் போனான், நான் நடுவில் கை கொடுத்தேன், என் கை கடிபட்டது. அந்தக் குழந்தையின் தாய் என்னைப் பார்த்த பார்வைக்கு, அவளை நானே கடித்திருப்பேன்.

கரையை விட்டுத் தள்ளிப் போனதும் கடல் முரண்டு பிடித்தது. அறையில் தொங்கின உடுப்பெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. அக்கா வாந்தி எடுத்து எடுத்துப் பக்கத்து அறையில் சுருண்டு கிடந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் எங்கள் அறைக்கு வந்தார். மகன் பால்கனிக் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அவர் பின்னாலிருந்து தூக்கினார். அவன் திரும்பி அவருடைய புறங்கையைக் கவ்வினான். விடவில்லை. அத்தான் உதற உதற, கப்பல் ஆட ஆட, அவன் தொங்கினான். பல்லைப் பிரித்து எடுத்தபோது ரத்தம் வந்தது.

அத்தான் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கையைக் குழாயில் கழுவினார், துடைத்தார், டயப்பர் பையை எடுத்து மடியில் வைத்து நிதானமாகக் குப்பியின் மூடியைத் திருகினார்.

"அத்தான், என்ன செய்யப் போறீங்க?"

"ஒரு தடவ போதும். பொறவு கடிக்கமாட்டான். எத்தனை பிள்ளைகளுக்குச் செஞ்சாச்சு."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார். வாய் லேசாகத் திறந்து, நாக்கின் நுனி உதட்டுக்கு வெளியே நின்றது. முப்பது தாண்டிய மனிதர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், யாரும் ஒன்றும் சொல்லாமலே நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஸ்டேட் வீட்டுக்குப் பின்னால் காந்தாரிச் செடி நின்றதாக அவர் எப்போதோ சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

அந்த ஒரு நொடியில் நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதற்குள் அத்தான் மகனை முழங்கால்களுக்கு நடுவில் அழுத்தி, தாடையைப் பிடித்து, மிளகைப் பிதுக்கி நாக்கிலும் உதட்டிலும் தேய்த்துவிட்டார்.

முதலில் சத்தமே வரவில்லை. மூச்சை உள்ளே இழுத்தபடி நின்றான். பிறகு அலறல். எச்சில் ஒழுகின கையால் கண்ணைக் கசக்கினான், கண்ணுக்குள்ளும் போய்விட்டது. தரையில் விழுந்து தலையை மோதினான். நான் அவன்மேல் பாய்வதற்குள் என் மகள் பாய்ந்தாள். பிறந்ததிலிருந்து யாரையும் கடிக்காத பிள்ளை. அத்தானின் கெண்டைக்காலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துப் பல்லை இறக்கினாள். அவர் காலை வீசி உதறினார். கப்பலும் அந்தப் பக்கம் சாய்ந்தது. அவள் உருண்டு போய்க் குளியலறை வாசலின் உயரமான இரும்புப் படியில் முகம் அடிக்க விழுந்தாள். மேலுதடு பிளந்து பல் தெரிந்தது.

பிளாஸ்க் என் கையில் எப்படி வந்தது என்று தெரியாது. முழுக்க வெந்நீர் இருந்தது, நல்ல கனம். அத்தான் "ஏட்டி" என்று திரும்பியபோது புருவத்துக்கு மேலே ஓங்கி அடித்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கட்டும், இன்னொன்று போடலாம் என்று நின்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு தரையில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளையும் மடியில் இழுத்துப் போட்டேன். மகளின் உதட்டை முந்தானையால் அழுத்திப் பிடித்தேன். மகள் முன்னமே பால்குடி மறந்தவள், மகன் மறக்காதவன். அவன் கண்ணில் பாலைப் பீய்ச்சினேன், எங்கள் பக்கத்தில் கண்ணெரிச்சலுக்கு அதுதான் முதல் மருந்து. அவன் அப்படியே மார்பில் வாயை வைத்துவிட்டான். அவன் உதட்டில் இருந்த காந்தாரி என்மேல் ஏறியது. பச்சைப் புண்ணில் உப்பு வைத்த மாதிரி உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. இது அந்தச் சின்ன நாக்கில் என்ன செய்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. வாயை எடுக்க மனசில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அத்தானைக் கொல்ல வேண்டும் என்று தோன்றியது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே தோன்றியது.

அலறல் கேட்டு அறைப் பணியாளனும் பாதுகாப்பு அதிகாரியான ஒரு மலையாளிப் பெண்ணும் வந்து கதவைத் தட்டினார்கள். அத்தான் நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு கதவைத் திறந்தார். கப்பல் ஆட்டத்தில் எல்லாரும் விழுந்துவிட்டோம் என்றார். அந்தப் பெண் என் கணவரைப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டாள். அவர் தரையில் கிடந்த ரத்தத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"பிள்ள விழுந்துட்டு" என்றார்.

"விழல. அவரு காலால உதறித் தள்ளினாரு. பையன் வாயில மிளகு தேச்சாரு. நான் அவர அடிச்சேன். எல்லாத்தையும் எழுதிக்கிடுங்க" என்றேன்.

அவள் குனிந்து மகனின் முகத்தை முகர்ந்தாள். அதற்குமேல் யாரிடமும் கேட்கவில்லை. கப்பல் டாக்டர் மகளுக்குத் தையல் போட்டார், மகனின் கண்ணைக் கழுவிவிட்டார். என்னையும் பிள்ளைகளையும் வேறு அறைக்கு மாற்றினார்கள். கொச்சியில் இறங்கி நாங்கள் நான்கு பேரும் நாகர்கோவிலுக்கு ரயில் ஏறினோம். வழி முழுக்க என் கணவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவரோடு பேசவில்லை, பேசினால் அந்தப் பெட்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்தது சண்டை இல்லை, போர். நான் பாத்திரத்தை எறிவேன், அவர் வாசலில் போய் உட்காருவார். அண்ணன் வளைகுடாவிலிருந்து போன் பண்ணுவார், ஒன்றும் நடக்காத மாதிரி மக்கா மக்கா என்று பேசுவார். அடுத்த விடுப்புக்கு இங்கேதான் வந்து தங்குவேன் என்று சொல்லிவிட்டார். என் கணவர் அதை என்னிடம் சொன்னபோது தலையைத் தூக்கவில்லை.

"நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சு போவும். எனக்கும்தான் சின்னதுல செஞ்சிருக்கு. நான் ஒண்ணும் கெட்டுப்போவலியே."

"கெட்டுப்போவலன்னு யாரு சொன்னா? அவரு இந்த வீட்டு நடையில கால வச்சா, நான் பிள்ளைகளக் கொண்டு இறங்கிருவேன். பொறவு உங்க அண்ணனும் நீங்களும் மாறி மாறிக் குளிப்பாட்டிக்கிடுங்க."

நான் சும்மா மிரட்டவில்லை என்று அவருக்குத் தெரியும். துணிகூட எடுத்து வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். என் கணவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒரு பிளாஸ்டிக் வாளிக்காக இழுபறி. மகள் வாளியைப் பிடுங்கினாள். கப்பலுக்குப் பிறகு யாரையும் கடிக்காமல் இருந்த மகன் அவள் கையைப் பிடித்துக் கடித்துவிட்டான். அவள் வீறிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

நானோ அவரோ வாய் திறக்கவில்லை. மகன் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். அவருக்கு முன்னால் போய் நின்றான். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, நாக்கை முழுதாக வெளியே நீட்டினான். அப்படியே நின்றான். எச்சில் சட்டையில் சொட்டியது.

என் கணவர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"வாய மூடு மக்கா" என்றார். அவன் நாக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

அவர் தரையில் முட்டுப் போட்டு உட்கார்ந்து, அவன் தாடையைக் கீழிருந்து மெல்ல உயர்த்தி வாயை மூடினார். கையை எடுத்ததும் அது மறுபடியும் திறந்துகொண்டது. மறுபடியும் மூடினார். அவர் தோள் குலுங்கினதை நான் பார்த்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன், பக்கத்தில் போகவில்லை.

ஒரு கையால் மகனின் தாடையைத் தாங்கிப் பிடித்தபடியே மற்றக் கையால் போனை எடுத்தார்.

"அண்ணே. நீங்க இஞ்ச வரண்டாம்."

அந்தப் பக்கத்திலிருந்து எழுந்த சத்தம் அடுக்களை வாசல் வரைக்கும் கேட்டது. இவர் மகனின் தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எப்பவும் வரண்டாம்" என்றார். கண்ணை மூடவில்லை.