அப்பா பூட்டிய இயந்திரம்

மகளின் வகுப்பை ஜுருவில் ஒரு தொழிற்சாலைக்குச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போகிறார்களாம். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மகள் அழுதாள், கணவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜார்ஜ்டவுனில் குடியிருந்தோம். அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் கடல் பாலத்தைக் கடந்து அக்கரையில் ஜுருவிலிருந்த ஒரே தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்கள். அப்பா எலக்ட்ரிஷியன். அவர் பொறுப்பிலிருந்த இயந்திரம், மேலே தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடி, இரும்புத் தகடுகளைக் காந்தத்தால் தூக்கிப் போகும். மின்சாரம் இருக்கும்வரைதான் காந்தம் பிடித்திருக்கும். அந்த மின்சாரத்தைக் கொண்டுபோகும் கேபிள் நாளெல்லாம் வளைந்து நிமிர வேண்டும். அதற்கென்றே மெல்லிய செம்பு இழைகளாலான கேபிள் உண்டு. பழையது தேய்ந்தபோது, புதியது வர நாளாகும், அதுவரை சுவரில் பதிக்கும் சாதாரண கேபிளை மாட்டுங்கள் என்றார் மேனேஜர். அப்பா மாட்டினார். அது அவர் தவறு; அதை நான் மறைக்கவில்லை.

மூன்று வாரம் ஓடியது. தொழிற்சாலையின் குடும்ப தினத்தன்று காலையில் அப்பா கேபிளைத் தடவிப் பார்த்திருக்கிறார். ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டு புடைத்திருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நாங்கள் போனபோது பலூன், மீ கோரெங் நூடுல்ஸ், குலுக்கல் சீட்டு என்று ஒரே அமர்க்களம். இயந்திரத்தைச் சுற்றிக் கூட்டம். தலைமை அலுவலகத்து ஆட்களும் வந்திருந்தார்கள்.

“தெறங்கண்ணே, ஒரே ஒரு ரவுண்டு,” என்றார் மேனேஜர்.

“முடியாது பாஸ். இது அசையாத எடத்துக்குப் போடற கேபிளு. உள்ள செம்பு அறுந்திருக்கும், வெளிய தெரியாது.”

“மூணு வாரம் ஓடுச்சு, இன்னும் மூணு நிமிஷம் ஓடாதா லா?”

“முடியாது பாஸ்.”

அந்த மனிதர் அதோடு விட்டிருக்கலாம். சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைக் கண்டுபிடித்தார். குனிந்து, என் கையில் ஒரு பலூனைத் திணித்து, எல்லாருக்கும் கேட்கும்படி, “அப்பா மெஷின் ஓட்டறத பாத்ததே இல்லையா பாப்பா? கேளு. நீ கேட்டா தெறப்பாரு,” என்றார். அவர் குனிந்ததை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

“ஓட்டுங்கப்பா,” என்றேன். அப்பா தலையசைத்து மறுத்தார். பக்கத்தில் நின்ற இன்னொரு தொழிலாளியின் மகள், என் வகுப்புப் பெண், சிரித்தாள். “ஒங்கப்பாவுக்கு ஓட்டவே தெரியாதா?” நான் அழத் தொடங்கினேன்.

அப்பா மாமாவைக் கூப்பிட்டு, கூட்டத்தை மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஒதுக்கச் சொன்னார். மாமா கைகளை விரித்து, “பின்னால போங்க, பின்னால! படம் ஓடப்போவுது, டிக்கெட் எடுத்தாச்சா?” என்று எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பா பூட்டைத் திறந்தார். தகடு எழுந்தது. நான் கைதட்டினேன். பாதித் தூரத்தில் காந்தம் சட்டென்று விட்டுவிட்டது. நாங்கள் எல்லாரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தோம். மாமாவின் இடது கால் மட்டும் அந்தப் பக்கம்.

மருத்துவமனை நடைவழியில் அத்தை, மாமாவின் மனைவி, அப்பாவின் சட்டையைப் பிடித்தார். “கேபிளு கெட்டுப்போச்சுன்னு தெரியும்ல? அப்புறம் ஏண்ணே தெறந்தீங்க?”

நாலடி தள்ளி நின்ற மேனேஜர் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்கத் திரும்பிக்கொண்டார். அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எனக்குத்தாம்மா ஆச. எல்லாரு முன்னாடியும் ஓட்டிக் காட்டணும்னு.”

அப்பாடா, என்னால் இல்லை என்று இருந்தது எனக்கு. அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். அத்தை அவரோடு பேசுவதை நிறுத்தியபோது நானும் முகம் கொடுக்கவில்லை. எங்கப்பா பீத்திக்கப் போய்த்தான் மாமாவுக்குக் கால் போச்சு என்று பள்ளியில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருநாள் பள்ளி வாசலில் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா பின்னால்தான் நின்றிருக்கிறார். திரும்பிப் பார்த்துத் திகைத்துப்போனேன்.

“ஆமாம்மா,” என்று சொல்லி, என் புத்தகப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

தப்பை ஒப்புக்கொள்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.