மணல்சட்டி பிஸ்கட்

கும்மிடிப்பூண்டியில் நான் டைப் அடிக்கும் கம்பெனியில் நேற்று டீயோடு முந்திரி பிஸ்கட் கொடுத்தார்கள். கடித்தேன். நறநறக்கவில்லை. ஏதோ குறைகிற மாதிரி இருந்தது.

சிரிக்காதீர்கள். நான் தின்ற முதல் சாக்லேட் பிஸ்கட் ஆற்று மணலோடு வந்தது. செய்தவளும் நானே.

அப்போதுதான் பதினோராம் வகுப்பு தேறியிருந்தேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள். அந்தக் கர்வத்தைத் திருவள்ளூரே தாங்காது. மெட்ராஸ் போய்க் காலேஜில் பி.யு.சி. படிக்க ஆசை. ஆனால் செவ்வாப்பேட்டை அத்தை தன் மகனுக்கு என்னைப் பெண் கேட்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. "அக்கா வாய் தொறந்து கேட்டா நா இன்னா சொல்ல முடியும்?" என்று நைனா நழுவிவிட்டார். புத்தகத்தைப் பார்த்து யாரும் தின்றிராத பலகாரம் ஒன்றைச் செய்து நீட்டினால், அத்தை அசந்துபோய், "இவ படிக்கட்டும்டா" என்று தானே சொல்லிவிடுவாள் என்பது என் கணக்கு.

மனையியல் டீச்சரின் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து செய்முறையை எழுதி வந்தேன். மைதா, டால்டா, சர்க்கரை. சாக்லேட் கட்டியை அரிவாள்மனையில் துண்டு போட்டுக்கொண்டேன். புத்தகம் பாதாம் கேட்டது. எங்கள் நிலத்தில் விளைந்தது வேர்க்கடலை. மாவைப் பிசைந்து வட்டம் வட்டமாகத் தட்டினேன். வட்டத்துக்கு வட்டம் இரண்டு அங்குலம் விடச் சொல்லியிருந்ததால், ஜாமெட்ரி பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தேன். பேக்கரி அடுப்புக்கு எங்கே போவது? கடலை வறுக்கிற மணல்சட்டியை ஏற்றி, சூடான மணல்மேல் வாழையிலை விரித்து, பிஸ்கட்டை அடுக்கி மூடினேன். மூடிமேல் தணலும் போட்டாயிற்று.

வாசலில் அத்தையின் குரல். நான் ஓடினேன். அந்த நேரம் பார்த்து அம்மா அடுப்பங்கரைக்குள் போனாள். மணல்சட்டி அடுப்பில் இருந்தால் விடாமல் கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் கடலை கருகும். அவள் கைக்குத் தெரிந்தது அதுதான். நான் திரும்பி வந்தபோது கரண்டியும் கையுமாக நின்றாள்.

"ஐயோ, இன்னாம்மா பண்ணே?"

"தீஞ்சிடப் போவுதேன்னு நல்லா கிண்டி உட்டேன்டி. கடலையோட இன்னாமோ களி களியா வருதே?"

அழுதுகொண்டே சலித்தேன். பாதி மணல் போயிற்று. மீதி மணலோடு பிஸ்கட்டைத் தட்டில் பரப்பி, நிமிர்ந்து நின்று, நல்ல இங்கிலீஷ் உச்சரிப்பில் "பிஸ்கட்" என்று நீட்டினேன்.

அத்தை ஒரு வாய் போட்டாள். நறநற. பிறகு ஒரு 'கடக்'. கண்ணை மூடிக்கொண்டாள். கடைவாயில் விரலை விட்டு ஒரு பொடிக்கல்லை எடுத்து, நைனாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"தம்பி, இவள பேசாம காலேஜுல சேத்து உட்டுடு. எம்புள்ள சோத்துல ஒரு கல்லு கெடந்தாலே தட்ட தூக்கி அடிப்பான். இவ ஆத்தையே அள்ளி வச்சிக்கினு நிக்கிறா!"

அடுத்த மாதம் நைனா எனக்கு ரயில் பாஸ் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அம்மா வறுத்த கடலையாகவே கடையில் வாங்குகிறாள். மணல்சட்டி கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போய், அங்கேயே உடைந்தது. அத்தைக்கு அந்தக் கடைவாய்ப் பல்லும் போய்விட்டது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயைத் திறந்து காலி இடத்தைக் காட்டுகிறாள்: "பாத்துக்கோடி, உன் காலேஜுக்கு நா கட்டுன ஃபீஸு."