கிறிஸ்தோபரின் காலும் என் காலும்

இந்த மலைக்கிராமத்துத் தேவாலயத்தின் எண்ணூறு வருடச் சரித்திரத்தை என்னைப்போல விளக்கக்கூடிய ஆள், இத்தாலியன் பேசுகிற இந்த டிச்சினோ மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பொய். வாசல் பலகையில் இத்தாலியனில் எழுதியிருப்பதையே நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். பிறந்த ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்தவர்கள். இங்கே நிலம் துடைக்கிறேன். ஆனாலும் தேவாலயக் கதவைப் பூட்டித் திறக்கிற இரும்புத் திறப்பு என் இடுப்பில்தான் தொங்குகிறது.

வெளிச்சுவரில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு புனிதரை வரைந்திருக்கிறார்கள். பெயர் கிறிஸ்தோபர். குழந்தை யேசுவைத் தோளில் ஏற்றி ஆற்றைக் கடக்கிறார். கணுக்காலைச் சுற்றி மீன்கள். அந்தக் காலத்தில் கழுதையில் சரக்கேற்றிக் கணவாய்க்குப் போனவர்கள் இவரைத் தூரத்திலிருந்தே பார்ப்பார்களாம். பார்த்த அன்றைக்குச் சாவு வராதாம். அதற்காகத்தான் இவ்வளவு பெரிய உருவம். என்னையும் ஓர் ஏஜென்சிக்காரன் இப்படித்தான் எல்லையில் ஆறு கடத்தினான். அவன் தோளில் ஏறியது என் சூட்கேஸ் மட்டும். அதையும் மறுகரையில் திருப்பித் தரவில்லை.

முன்பு திறப்பை வைத்திருந்தவர் பியா அம்மா. பனியில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். என்னிடம் கொடுக்கலாம் என்று அவர் சொல்ல, ஓய்வுபெற்ற தபால்காரர் ரென்சோ மறித்தாராம். "நல்ல மனிசன்தான். ஆனா எங்கட மதமில்லையே. எங்கட படங்களை அவனிட்டை எப்பிடி விடுறது?"

வெளியே சிரித்து வைத்தேன். உள்ளே சுட்டது. இத்தனை வருடத்தில் இந்த ஊர் என் கையில் தந்தது தும்புத்தடியும் வாளியும்தான். ஒரு கோழிக்கூட்டுத் திறப்பைக்கூட ஒருவரும் நம்பித் தந்ததில்லை. போதாததற்கு எம்மன்புரூக்கேயில் இருக்கிற அத்தானிடம், "கோயில் இப்ப என்ர பொறுப்பிலதான்" என்று முன்கூட்டியே அளந்தும் விட்டிருந்தேன்.

திறப்பை யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுக்கிற ஊர்க்கூட்டத்துக்கு முதல்நாள், நான் துடைப்பதை உளவு பார்க்க ரென்சோ வந்தார். அவர் இத்தாலியனையும் என் அரைகுறை இத்தாலியனையும் எங்கள் தமிழில் போடுகிறேன்.

"சப்பாத்து எங்க?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வெறுங்கால். கோயில் வாசல் என்றால் என் கால் என்னைக் கேளாமலே கழற்றிவிடும்.

"வெளியில, சிஞ்ஞோரே."

"இந்தப் பனியிலயோ? களவு போனா?"

"போனா நல்லது. கோயில் வாசல்ல செருப்புத் துலைஞ்சா பீடை துலைஞ்சுது எண்டுதான் எங்கட ஊரில சொல்லுறது. இங்க ஒருத்தரும் தூக்கிறேல்லை. என்ர பீடை பத்திரமா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "இது எங்கட கடவுள்."

"உங்கட கடவுள் எண்டு என்ர காலுக்குத் தெரியாதே, சிஞ்ஞோரே."

விறுக்கென்று வெளியே போனார். திறப்பு போய்விட்டது என்று வாளியைத் தூக்கினேன். எட்டிப் பார்த்தால், மனிதர் பனிக்குள் நின்று கிறிஸ்தோபரை அண்ணாந்து பார்க்கிறார்.

"அவருக்கும் சப்பாத்து இல்லை," என்றார். "இவ்வளவு காலம் கடிதப் பையோட இதால நடந்தனான். முகத்தை மட்டும்தான் பாத்திருக்கிறன்."

மறுநாள் கூட்டத்தில், நான் புனிதரைப்போலப் பனியில் தவம் செய்கிறேன் என்று பேசினாராம். திறப்பு வந்தது. கூடவே வினையும் வந்தது. பியா அம்மா படுக்கையில் இருந்தே பின்னித் தந்த கம்பளிக் காலுறை பையில் தூங்குகிறது. போட்டால் தவம் கலையும். தவம் கலைந்தால் திறப்பு? பனிக்காலம் முழுக்க என் பெருவிரல் எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

வசந்தத்தில் அத்தான் வந்தார். "சேர்ச் தானேடா" என்று சப்பாத்தோடு உள்ளே காலை வைத்தார். ரென்சோ பாய்ந்து மறித்தார்: "ஸ்கார்பே ஃபுவோரி!" சப்பாத்து வெளியே!

"என்னடா இது, வெள்ளைக்காரன் எங்களுக்குக் கோயில் பழக்கம் படிப்பிக்கிறான்?"

"சொன்னதைச் செய்யுங்கோ அத்தான். இங்க அவர்தான் ஐயர்."

அத்தானுக்கு நான் முதலில் காட்டியது யேசுவின் கடைசி இராவுணவுப் படம். அந்த மேசையில் அப்பத்துக்கு நடுவே சிவக்கச் சிவக்க ஆற்றிறால் பரப்பியிருக்கிறது. ஏன் என்று படித்தவர்கள் ஒன்று சொல்கிறார்கள். நான் கண்டுபிடித்தது வேறு. அதாவது, அந்த ஓவியனுடைய மாமியார்...

"சிவா! படம் பாக்கிற ஆக்களின்ர பஸ் வந்திட்டுது. கதவை முழுசாத் திற!"

ரென்சோ கத்துகிறார். வாசற்படியில் இருந்துதான் இதை எழுதுகிறேன். வெயிலில் நீட்டிய இடதுகாலில் சப்பாத்து அப்படியே இருக்கிறது. வலதுகால் எப்போது கழற்றியதோ தெரியாது, ஏற்கெனவே உள்ளே கல்லில் நிற்கிறது.