இரண்டுலயும் பாத்தீங்களா, டாக்டர்?

போன வாரம் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி. ஆபரேஷன் அறை வாசலில் நின்ற ஐந்து பேரை விரட்டியடித்தார் என் பக்கத்து வீட்டு ஜான்சன். அந்த ஐந்தில் நானும் ஒருவன்.

"எக்ஸ்ரே ஓடப் போவுது! இன்னா நின்னுகினு இருக்கீங்க? நவுருங்க, நவுருங்க!"

ஜான்சனுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. பெரிய இரும்பு டேங்குகளின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்தும், அல்ட்ராசவுண்ட் வைத்தும் சோதிப்பார். அங்கே எக்ஸ்ரே என்றால் சுற்றிலும் கயிறு கட்டி ஆட்களை விரட்டிவிடுவார்கள். பழக்கதோஷம்... விடுமா? சுவருக்குள் ஈயத் தகடு இருக்கிறது என்று நர்ஸ் சொல்லியும் கேட்கவில்லை. எங்களை ஒரு மாடி கீழே இறக்கி, தானும் இறங்கிய பிறகுதான் ஓய்ந்தார்.

உள்ளே இருந்தது அவர் மனைவி ஸ்டெல்லா. இதயத்தில் பிறவி ஓட்டை. போன மாதம்தான் தெரிந்தது. நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு, சின்ன மூடி வைத்து அடைக்கப் போகிறார்கள். முப்பத்திரண்டு வயசுப் பெண். பயம் இருக்காதா?

முந்தின நாளே டாக்டரைக் குடைந்து எடுத்துவிட்டார் ஜான்சன். "எக்ஸ்ரேல மட்டும் பாப்பீங்களா சார்? எங்க கம்பெனில ஒண்ணுல தெரியாத கீறல் இன்னொண்ணுல தெரியும்."

டாக்டர் சிரித்தார். "எக்ஸ்ரேல கம்பியும் மூடியும் நல்லாத் தெரியும். ஓட்டையோட விளிம்பு தெரியாது. அதுக்கு ஸ்கேன் — அதுவும் அல்ட்ராசவுண்டுதான். ரெண்டு திரையையும் பாத்துக்கிட்டேதான் வைப்போம்."

"அப்ப நீங்களும் நம்மாளுதான் சார்!"

வேலை முடிந்து டாக்டர் வெளியே வந்தால், வாசலில் ஈ, காக்கா இல்லை! நர்ஸ் கீழே ஓடிவந்து எங்களைப் பிடித்துப் போனார்.

"நல்லா முடிஞ்சுது. முதல்ல வச்சப்போ எக்ஸ்ரேல கச்சிதமா இருந்தது. ஸ்கேன்ல பாத்தா ஓரத்துல இடைவெளி! நல்லவேளை, கம்பியிலேருந்து கழட்டலை. திரும்ப இழுத்து, சரியா வச்சோம்."

அதுவரை விறைப்பாக நின்ற ஜான்சன் என் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பிவிட்டார். "ஒண்ணுல மட்டும் பாத்து ஓகே சொல்லிருந்தா, இன்னாண்ணா ஆயிருக்கும்?"

மயக்கம் தெளிந்த ஸ்டெல்லா கரகரத்த குரலில் முதலில் கேட்டது: "இன்னாத்துக்கு அழுவுற? நாஷ்டா துன்னியா இல்லியா?"

'எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. 'இருங்க, இன்னொரு வாட்டி பாத்துடறேன்' என்பவரிடம்தான் — உயிரை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்!