டிஸ்க்கில் வைத்த பொட்டு

1. பத்து நாற்பது

காலை பத்து நாற்பதுக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. அந்த நிமிடத்தில் நான் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

புக்கிட் பாத்தோக்கில் வரிசையாகத் தொழிற்கூடங்கள் இருக்கும் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் மோட்டார்சைக்கிள் வொர்க்‌ஷாப் இருக்கிறது. முதலாளி காதர் பாய். அங்கே பிரேக் வேலை என்றால் இருபத்து மூன்று வருடமாக நான்தான். சுவரில் என் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கும்: ‘டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்.’ சக்கரத்தோடு சுழலும் அந்த இரும்புத் தட்டைப் பிரேக் பேட் இருபுறமும் இறுக்கிப் பிடித்தால்தான் வண்டி நிற்கும். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசைகூட அதில் படக் கூடாது. பட்ட இடத்தில் பேட் வழுக்கும். தொட்டுப் பார்த்த வாடிக்கையாளர்களை வயது வித்தியாசம் பார்க்காமல் திட்டியிருக்கிறேன்.

அன்று ஸ்டாண்டில் நின்றது என் மகள் யாழினியின் வண்டி. நானூறு சிசி ஸ்போர்ட்ஸ் பைக். அவளுக்கு இருபத்து நான்கு வயது, வண்டிக்கு இருபத்திரண்டு. என்னிடம் கேட்காமலே வாங்கிவிட்டாள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் ஒப்பந்தம் போட்டோம். பிரேக்கையும் மற்ற ஃபிட்டிங்கையும் நான் புதுப்பித்துத் தருவேன். வருடாந்தர இன்ஸ்பெக்‌ஷனில் முதல் தடவையே பாஸானால் அவள் ஓட்டலாம். ஃபெயிலானால் விற்றுவிட வேண்டும். சாட்சி, காதர் பாய்.

“ரிப்பேர் பண்றதும் நீங்க, ஃபெயில் ஆகணும்னு வேண்டிக்கிறதும் நீங்க. இது ஃபேரா லா?” என்றாள் யாழினி.

“வேலையில நான் ஏமாத்த மாட்டேன்.”

“ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்.”

2. அலமாரி ஸ்க்ரூ

பழைய வண்டியைப் பிரித்தால், முன்பு வைத்திருந்தவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துவிடும். இவர் சோம்பேறி, ஆனால் கற்பனை உள்ளவர். வண்டியைச் சுற்றி மூடும் பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்கை அலமாரி ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தார். கால் வைக்கும் இடது ஃபுட்பெக்கில் ஸ்ப்ரிங் இருக்கவேண்டிய இடத்தில் முடி கட்டும் ரப்பர் பேண்ட். இளஞ்சிவப்பு.

பேடை டிஸ்க்கோடு அழுத்தும் முன் காலிப்பர் இரண்டிலும் சேர்த்து எட்டு பிஸ்டன்கள். அவற்றில் மூன்று இறுகிக் கிடந்தன. முன்னால் துணியை மடித்து வைத்துக் காற்றழுத்தம் கொடுத்தேன். ஒரு பிஸ்டன் துணியையும் கூட்டிக்கொண்டு பறந்து பாயின் தே தாரிக் டீக் கோப்பையில் இறங்கியது.

“முத்து, நான் சீனி கம்மின்னுதான் சொன்னேன்,” என்றார் பாய்.

சீல் உட்காரும் பள்ளத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததை ஊசியால் சுரண்டினேன். புது சீல், புது பேட், புது ஸ்டீல் ஹோஸ் எல்லாம் போட்டேன். போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போவேன். பாதி வழியில் இறங்கி, எதிர்ப்பக்கம் பேருந்து பிடித்துத் திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பேன். ஒன்பது நாள் இப்படி. வண்டி பாஸாகக் கூடாது என்பதுதான் என் ஆசை. ஆனால் பாஸாகிவிட்டால் அதில் உட்காரப் போவது என் பிள்ளை. உலகத்திலேயே நல்ல பிரேக்காக அது இருக்கவேண்டியிருந்தது.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டரைக்கு இன்ஸ்பெக்‌ஷன். காலையில் என் மனைவி செல்வி சிராங்கூன் ரோடு கோயிலில் அர்ச்சனை செய்த குங்குமத்தை ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பியிருந்தாள். வேலை முடிந்ததும் போன் செய்தேன்.

“எங்க வைக்கப் போறீங்க?” என்றாள்.

“டாங்க்ல.”

“டாங்க்ல வச்சு என்ன ஆகப் போகுது? பிள்ளையக் காப்பாத்துறது பிரேக்குதானே? பிரேக்ல வைங்க. உதிராம ஒட்டணும்னு நல்லெண்ணெய் விட்டுக் குழைச்சிருக்கேன்.”

யார் சொன்னாலும், வைத்த விரல் என்னுடையது. முன் சக்கரத்தின் இடது டிஸ்க்கில் மூன்று, வலது டிஸ்க்கில் மூன்று, ஆறு பொட்டுகள். என் கைப்பட எழுதிய அட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டேன். மணி பத்து நாற்பது.

3. மெத்தை

பின்சந்தில் ஓட்டிப் பார்க்கப் போனேன். பக்கத்துக் கடை மெத்தைக் கிடங்கு. அன்று வாசலில் ஒரு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வைத்திருந்தார்கள். இருபது கிலோமீட்டர் வேகத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் கல் போல இருந்தது. வண்டி கேட்கவில்லை. பதறியதில் பின் பிரேக்கும் நினைவுக்கு வரவில்லை. மிக மென்மையாக, முகம் முதலில், மெத்தைக்குள் போனேன்.

கிடங்கு வைத்திருக்கும் சீன ஆன்ட்டி வெளியே வந்து, சிங்கிள் வேண்டுமா குவீன் சைஸ் வேண்டுமா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.

லீவர் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் கோளாறு பேடிலோ டிஸ்க்கிலோதான். இதை நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை. ஹோஸில் காற்று நுழைந்துவிட்டது என்று முடிவு செய்து பிரேக் ஆயிலை வடித்தேன், மறுபடி நிரப்பினேன். ஓட்டினேன். மெத்தை. லீவருக்குப் பக்கத்தில் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி மாட்டினேன். மெத்தை. பொட்டுகள் பேடில் தேய்ந்து டிஸ்க் முழுக்கப் பரவியிருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கோயில் வாசனை மட்டும் வந்துகொண்டே இருந்தது. சாமி என்னோடு இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பாய் இடுப்பில் கை வைத்து நின்றார். “முத்து, உண்மையச் சொல்லு. வேணும்னே பண்றியா?”

“பாய், என் பிள்ளை வண்டி பாய்!”

“அதான் கேக்குறேன்.”

ஒரு மணிக்கு யாழினி வந்தாள். வேலை பார்க்கும் ஆய்வகத்தில் அரைநாள் லீவு போட்டிருந்தாள். நான் சொல்வதைக் கடைசிவரை கேட்டாள். முகம் சுருங்கிவிட்டது.

“நீங்க ப்ராமிஸ் பண்ணீங்க, அப்பா.”

இருபத்து மூன்று வருடத்தில் கெட்ட பிரேக்குகள் எத்தனையோ பார்த்தாயிற்று. அந்த முகத்தை அதுவரை பார்த்ததில்லை.

அவள் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தாள். டிஸ்க்கைத் தொடவில்லை. மோந்து பார்த்தாள். பிறகு என் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். மோதிர விரல் நுனி சிவப்பாக இருந்தது.

“அப்பா, இது என்ன?”

“குங்குமம்.”

“எங்க வச்சீங்க?”

சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பாய் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “கெடுக்க நினைக்கிறவன் கிரீஸ் தடவுவாம்மா. குங்குமம் வச்சுக் கெடுக்கிறவன் உங்கப்பன் ஒருத்தன்தான்.”

யாழினி அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். “பேட மாத்துங்க, டிஸ்க்க நான் தொடைக்கிறேன். சாமி கும்பிடுங்கப்பா, வேணாங்கல. பொட்ட உங்க நெத்தியில வச்சுக்குங்க.”

பாயிடம் அதே அளவில் இன்னொரு செட் பேட் இருந்தது. பிரேக் க்ளீனர் அடித்து, சான்ட்பேப்பரால் தேய்த்து, மறுபடி அடித்து அவள் துடைத்தாள். புது பேடைப் பழக்க வண்டியைப் பலமுறை ஓட்டி ஓட்டிப் பிடிக்கவேண்டும். அவளே ஓட்டினாள். கடைசித் தடவை மெத்தைக்கு இரண்டு முழம் முன்னால், தரையில் ஆணி அடித்தது போல நின்றாள். ஆன்ட்டி கை தட்டினார்.

4. வந்தவர்

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சொந்தப் பிள்ளையின் வண்டியைத் தொடும் நாளில் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்கு வேலை தெரியவேண்டியதில்லை. மூக்கு இருந்தால் போதும்.

பாயின் வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு இரண்டு இருபத்தைந்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தோம். உருளைகளின் மேல் வண்டியை நிறுத்திப் பிரேக்கைச் சோதித்தவர் சிரிக்கவே இல்லை. தாளில் ஏதோ எழுதினார். பிறகு கட்டைவிரலை உயர்த்தினார்.

பாஸ். நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யாழினி ஹெல்மெட்டை மாட்டி, எஞ்சினை உயிர்ப்பித்து, என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

அப்போது வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. செல்வி இறங்கினாள். கையில் காலையில் கொடுத்ததைவிடப் பெரிய டப்பா.

“பின் பிரேக்குக்கு வைக்கலைல்ல? மறந்துடுவீங்கன்னு எனக்குத் தெரியும்,” என்றாள். “இந்தாங்க. இந்தத் தடவை எண்ணெய் நல்லாத் தாராளமா விட்டிருக்கேன்.”