சாம்பிராணித் தட்டும் சுடுதண்ணிப் பெட்டியும்

“…இல்ல, அந்தத் தட்டை இப்படிக் குடுங்கம்மா, நானே புடிக்கிறேன். உங்க கையில ஒரு மாதிரியும் என் கையில ஒரு மாதிரியுமா புகை போகும்? பாத்துடுவோம்,” என்று வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

குளிக்க வார்க்க வந்த மாமி தட்டைக் கொடுத்தார். அதில் சிரட்டைக்கரி கனன்றுகொண்டிருந்தது, மேலே சாம்பிராணி உருகிப் புகைந்தது. லாசப்பலில் நாலாம் மாடியில் எங்கள் குசினி அது. ஒரு மூலையில் குளிக்கிற இடம், பக்கத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி, தொட்டிக்கு மேலே சுவரில் காஸில் எரியும் சுடுதண்ணிப் பெட்டி. பிறந்து ஒரு மாதமான என் மகனை மடியில் வைத்துக்கொண்டு நான் வாசலோரம் கதிரையில் இருந்தேன். அந்தப் பெட்டி எங்கள் இரண்டு பேரையும் சத்தமில்லாமல் தின்கிறதா இல்லையா என்பதுதான் அன்றைய வழக்கு. சாட்சி சொல்ல வேண்டியது புகை.

இந்தப் பிரெஞ்சு நாட்டுக்கு வந்து நான் வாய்பிளந்து பார்த்த முதல் அதிசயம் அந்தப் பெட்டிதான். ஐஃபல் கோபுரம் பார்க்கப் போனபோதுகூட அவ்வளவு பிரமிக்கவில்லை. கோபுரம் சும்மா நிற்கிறது. இது அப்படியில்லை. உள்ளே விரல் நகமளவு நெருப்பு ஒன்று இரவும் பகலும் காவல் இருக்கும். குழாயைத் திருப்பினால், ‘புஸ்’ என்று ஒரு வரிசை நெருப்பு எழும்பி நிற்கும். குழாயை மூடினால் அடங்கிவிடும். நெருப்புக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்து, ஒன்று மற்றதற்கு வேலை செய்து கொடுக்கிறதே என்று குழாயைத் திறந்தும் மூடியும் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்த முதல் வெள்ளிக்கிழமை அதற்கு ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன்.

“இனிச் சாமிப்படத்துக்குப் பக்கத்திலை இதையும் கொழுவு,” என்று என் கணவர் சிரித்தார்.

“படத்திலை இருக்கிற சாமி வெந்நீர் வச்சுத் தருமோ?” என்றேன்.

வீட்டுக்காரர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அதே கட்டிடத்தின் முதலாம் மாடியில் தனியாக இருந்தார். நாலாம் மாடியையும் வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். பிள்ளை வரப்போகிற புருசன் பெண்சாதிக்கு வீடு தர ஒருவரும் சம்மதிக்காத காலத்தில், கதவைத் திறந்து, “வாங்க, தமிழ் பேசுறீங்க, அது போதும்,” என்றவர் அவர். அதனால் எங்களுக்கு அவர் மேல் நன்றியும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளின் மேல் இருந்தால் வாய் திறக்க வராது.

அவரைப் பற்றிச் சொல்ல வந்தால் அவருடைய மேலங்கியைச் சொல்லாமல் விடமுடியாது. பட்டாளத்தில் கொடுத்த முழங்காலுக்குக் கீழே தொங்கும் கம்பளி அங்கி, பித்தளைப் பொத்தான்கள். பொத்தான்களைத் துடைத்துத் துடைத்தே முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் நின்றுகொண்டே பேசுவார். கதிரையைக் காட்டினால், “வேணாம்மா, உங்க கொழம்பு வாசம் கம்பளியில ஏறிச்சுன்னா கழுவினாலும் போகாது,” என்பார். அந்த அங்கியை ஒருவரும் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

மாமி என் சொந்தக்காரர் இல்லை. மன்னாரில் இருந்து வந்து எபினேயில் இருந்தவர். பிள்ளைப்பெற்ற வீடுகளைத் தேடிப் போய்த் தாய்க்கும் பிள்ளைக்கும் குளிக்க வார்ப்பார். கழுத்தில் வேதக்காரரின் செபமாலை, கையில் பிள்ளைப்பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கும் காயச் சரக்குப் பொட்டலம். “வேதமும் சைவமும் வாசலுக்கு அங்காலை, பச்சை உடம்புக்கு எல்லாரும் ஒரே சாதி,” என்பது அவருடைய பேச்சு. ஊரென்றால் நொச்சி, ஆமணக்கு, பாவட்டை என்று இலைகளை அவித்து ஊற்றுவார்கள். லாசப்பல் தெருவில் நொச்சிக்கு எங்கே போவது? “இலை இல்லாத குறையைச் சூட்டாலை தீர்ப்பம் பிள்ளை,” என்று மாமி சுடுதண்ணீரை இரட்டிப்பாக்கினார். அவர் வரும் நாளெல்லாம் பெட்டி ஓயாமல் எரிந்தது.

அது போதாதென்று காற்றையும் ஒழித்தார். பிள்ளைப்பெற்றவளுக்குக் காற்றுப் பட்டால் சன்னி வரும், வயது போனபிறகு எலும்பெல்லாம் குத்தும் என்பது நாங்கள் எல்லாரும் நம்பியதுதான். குசினிச் சுவரின் அடியில் கம்பி போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அதற்குள்ளால் தை மாதத்துக் காற்று ஊசிபோல வரும். “வீட்டைக் கட்டினவன் இதை மூட மறந்திட்டான் போலை,” என்று சொல்லி மாமி என் பழைய சேலை ஒன்றைச் சுருட்டி அதற்குள் திணித்தார். நான்தான் சேலையை எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு தலையிடி தொடங்கியது. குளித்து முடிந்ததும் நெற்றிப்பொட்டில் உரல் இடிப்பதுபோல இடிக்கும். கால் தளரும், வயிற்றைப் புரட்டிச் சத்தி வரப்பார்க்கும். “பிள்ளைப்பெத்த உடம்பு, பத்தும் செய்யும்,” என்றார் மாமி. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிள்ளையோ அழுவதே இல்லை. குளிக்க வார்த்துக் கிடத்தினால் கழற்றிப் போட்ட துணிமாதிரிக் கிடப்பான். பாலுக்குக்கூட எழுப்ப வேண்டும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “என்ன நல்ல பிள்ளை, தாயைக் கரைச்சல் படுத்தாத பிள்ளை,” என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

பிள்ளையை நிறுத்துப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றுதான் அந்தப் பெருமை கலங்கியது. கார் து நோர் ரயில் நிலையப் பக்கமாக நடந்து போகும்போது என் தலையிடி விட்டுப்போனது, தலையில் இருந்த கடகத்தை யாரோ கைகொடுத்து இறக்கியதுபோல. ஆஸ்பத்திரியில் மகன் கத்தினான். அப்படியொரு குரல் அவனுக்கு இருக்கிறதென்று எனக்கு அதுவரை தெரியாது. பின்னேரம் வீட்டுக்கு வந்து, மாமி வார்த்து, அரை மணித்தியாலம் ஆகவில்லை, எனக்கு இடி திரும்பியது. அவன் மறுபடியும் துணியானான். வெளியில் கத்துகிற பிள்ளை உள்ளே ஏன் கத்துவதில்லை?

கணவரிடம் சொன்னேன். அவர் ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை செய்தவர். பெட்டிக்கு முன்னால் போய்க் குனிந்து பார்த்தார்.

“எங்கடை வேலையிடத்திலை காஸ் நீலமாத்தான் எரியும். இது மஞ்சளா எரியுது. பார், மேலை சுவரும் கறுத்துப்போச்சு.”

“வீட்டுக்கார ஐயாவிட்டைச் சொல்லுங்கோவன்.”

“சொல்லலாம். எழும்பிப் போங்கோ எண்டால் எங்கை போறது, கைக்குழந்தையோடை?”

மகனைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். அவன் தலை அவருடைய தோளில் தொய்ந்து விழுந்தது. அவர் அப்படியே படியிறங்கிப் போனார்.

வீட்டுக்காரர் வந்தார். அங்கியோடுதான் வந்தார். பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார்.

“மஞ்சளா எரிஞ்சா மங்களந்தானே தம்பி? நான் வாங்குறதுக்கு முன்னாடி இருந்து எரியுது. ஒரு தும்மல் போட்டதில்ல.” பிறகு பெட்டியில் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார். அவர் வாயில் அந்தப் பெட்டிக்குப் பேர் ஷோஃபோ. “இது என்னா, ஷோஃபோவுக்குப் பொட்டு? அதுக்கும் கல்யாணம் பண்ணி வெக்கப் போறீங்களா?”

கணவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைக் கண்டு வீட்டுக்காரர் குனிந்து சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரடியில் என் சேலைத் தலைப்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தார். அது வரவர நீண்டது.

“இத அடைச்சது யாரு? காஸ் எரியிற எடத்துல காத்து வர்றதுக்குன்னு வெச்ச ஓட்டைம்மா இது. தலைய வலிக்காம என்ன செய்யும்?”

“பிள்ளைப்பெத்தவளுக்குக் குளிர் படக்கூடாது முசியே,” என்றார் மாமி.

“காத்தும் வேணாம், குளிரும் வேணாம்னா பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டித்தான் புள்ளைய வளக்கணும். தப்பு உங்க மேல. என் ஷோஃபோ மேல இல்ல.”

அவர் சொன்னது நியாயம். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் அவர் படியிறங்கும் சத்தம் ஓய முன்பே மாமி சேலையை மறுபடி ஓட்டைக்குள் திணித்துவிட்டார். “ஆம்பிளையளுக்கு என்ன தெரியும்?” என்றார். நான் மாமிக்குத் தெரியாமல் உருவி எடுப்பேன், அவர் எனக்குத் தெரியாமல் அடைப்பார். கவனித்துப் பார்த்தேன். ஓட்டை திறந்திருந்த நாட்களிலும் தலையிடி வந்தது. கொஞ்சம் பிந்தி வந்தது, அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் வந்தது. துடக்குக் கழிவு, தீட்டு நீங்கும் நாள். மாமி எபினேயிலேயே சிரட்டைக்கரி சுட்டு, பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டுக் கொண்டுவந்தார். எனக்கும் பிள்ளைக்கும் வார்த்து, தலைக்குப் புகை காட்டி, பிறகு வீடு முழுவதும் சாம்பிராணி பிடித்துக்கொண்டு போனார். குசினியில் என் கணவர் வீடு கழுவ வாளியில் சுடுதண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மாமி தட்டோடு பெட்டியடிக்கு வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

“பிள்ளை, இஞ்சை வந்து பார்.”

பெட்டியின் தலைமாட்டில் ஒரு இடுக்கு உண்டு. எரிந்த காற்று அங்கிருந்து புகைக்கூட்டுக்குள் ஏறி, கூரைக்கு மேலே போகவேண்டும். சாம்பிராணிப் புகை அந்த இடுக்குவரை நேராக எழும்பியது. பிறகு உள்ளேயிருந்து யாரோ ஊதியதுபோல வளைந்து எங்கள் பக்கம் திரும்பி வந்தது. மாமி தட்டை விலக்கிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். எப்படிப் பிடித்தாலும் புகை உள்ளே போக மறுத்தது.

“அடுப்படியிலை சீவியம் போனவள் நான். புகைக்கூடு இழுக்கேல்லை,” என்றார். குரல் இறங்கிவிட்டது. “நெருப்பில்லாமல் புகையாது எண்டுவினம். இஞ்சை இவ்வளவு நாளும் நெருப்பு இருந்தது, புகை கண்ணிலை படேல்லை. உந்தச் சாம்பிராணி வந்துதான் காட்டுது.”

அந்தக் குசினியில் எங்களோடு இன்னொன்றும் குடியிருந்திருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. நான் பால் கொடுக்கும்போதும், பிள்ளை தூங்கும்போதும் பக்கத்தில் இருந்திருக்கிறது. சாம்பிராணி அதற்கு ஒரு உருவம் கொடுத்து, இதோ இதுதான் என்று காட்டிக்கொண்டு நின்றது. நான் பொட்டு வைத்ததும் இதற்குத்தான்.

கணவர் ஓடிப்போய் வீட்டுக்காரரைக் கூட்டிவந்தார். வெளியே போகப் புறப்பட்டவர், அங்கியின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். வந்ததும் முதலில் ஓட்டையைப் பார்த்தார். சேலை உள்ளே இருந்தது. அதை உருவி மாமியின் கையில் கொடுத்தார். மாமி அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“இப்ப புடிங்க,” என்றார்.

புகை திரும்பி வந்தது.

“கதவு காத்து.”

கதவைச் சாத்தினோம். புகை திரும்பி வந்தது.

“உங்க கை ஆடுதும்மா,” என்றார். அப்போதுதான் தட்டைக் கேட்டு வாங்கினார்.

அவர் கை ஆடவில்லை. துப்பாக்கி பிடித்த கை, கல்லில் அடித்ததுபோல நின்றது. கணவர் குழாயைத் திறந்தார். மஞ்சள் நெருப்பு எழும்பியது. புகை இழைபோல மேலே போய், இடுக்கைத் தொட்டு, ஒரு கணம் தயங்கியது. பிறகு குனிந்து இறங்கி நேரே அவருடைய நரைத்த மீசைக்குள் புகுந்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. புகை வந்துகொண்டே இருந்தது, அவரும் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு கூரையேறிய ஆட்கள் புகைக்கூட்டுக்குள் இருந்து உடைந்த செங்கல்லும், அதன் மேல் ஒரு புறாக்கூடும் எடுத்தார்கள். அது அடுத்த கிழமைக் கதை. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அந்தப் புகை மட்டும்தான். அவர் தட்டைத் தொட்டிக்குள் வைத்து, குழாயை மூடி, காஸையும் திருகி அடைத்தார். யன்னலை இரண்டு பக்கமும் அகலத் திறந்தார். பனிக்காற்று வீட்டுக்குள் பாய்ந்தது.

“ஐயோ முசியே, பச்சை உடம்பு, குளிர் படப்போகுது,” என்று மாமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றார்.

அவர் மாமியைப் பார்த்தார். என் மடியில் கண்திறக்காமல் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பொத்தான்களைக் கழற்றினார். அந்த மேலங்கியை உரிந்து, சாம்பிராணியும் சரக்கும் பாலும் மணத்துக்கொண்டிருந்த என் தோளைச் சுற்றிப் போட்டு, பிள்ளையையும் அதற்குள் வைத்துக் கீழிருந்து மேலே பூட்டிக்கொண்டு வந்தார். கடைசிப் பொத்தானில் மகன் சிணுங்கினான், பிறகு கத்தினான். அவர் வெறும் சட்டையோடு எங்களுக்கு முன்னால் நடந்து, முதலாம் மாடியில் தன் வீட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.